ஊட்டித் தரைமீது போட்ட பழி

அக்கா,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்தது, வாசலில் கிடந்த பால் பாக்கெட்டைக்கூட எடுக்காமல், கைபேசியில் வந்திருந்த ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்ததுதான். உங்கள் மகள் அனுப்பியிருந்தாள். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம். இடது ஓரத்தில் குதிரைப் பந்தய மைதானங்களின் பெயர்கள் சிவப்பு மையில்: ஊட்டி, கிண்டி, பெங்களூர், மைசூர், ஐதராபாத். எண்களுக்கு மேலே தலைப்பாக ‘கதவு’ என்று உங்கள் கையெழுத்து. ஏழு என்ற எண்ணின் நடுவில் நீங்கள் போடும் குறுக்குக் கோடு. படத்துக்குக் கீழே அவள் எழுதியிருந்தாள்: “ஆன்ட்டி, ஃப்ரீயா இருந்தா கூப்பிடுங்க. இதுல ஏதோ தப்பு இருக்குன்னு இவரு சொல்றாரு.”

தப்பு என்ன என்று எனக்குத் தெரியும். நான்கு வருடமாகத் தெரியும்.

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. எதிர்வீட்டுக் கதவில் இப்போது வேறு பூட்டு. கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த புதுக் கணவன் மனைவி, இரண்டு பேரும் காலையில் லேப்டாப் பையோடு கிளம்பிவிடுகிறார்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு காலத்தில் ஐந்து மைதானங்களின் புல் எப்படி இருக்கும் என்று பேசப்பட்டது என்றால் நம்ப மாட்டார்கள்.

திருமுல்லைவாயிலில் நம் குடியிருப்புக்கு நான் வந்த புதிதில் உங்களைப் பற்றி இரண்டு விதமாகச் சொன்னார்கள். சனிக்கிழமைகளில் நீங்கள் பெரியாஸ்பத்திரிக்கு மருந்து வாங்கப் போகிறீர்கள் என்று கீழ்வீட்டம்மா சொன்னார். சீட்டுப் பணம் வசூலிக்கப் போகிறீர்கள் என்றார் காவலாளி. ஆவடித் தொழிற்சாலையில் முப்பது வருடம் சீருடை தைத்து ஓய்வு பெற்ற ஒரு பெண், ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கிருந்து கிண்டிக்குப் போய் ரேஸ் பார்ப்பார் என்று யாருக்குத் தோன்றும்?

எனக்குத் தெரிந்தது மாடிப்படியில். உங்கள் காய்கறிப் பை அறுந்து, தக்காளியோடு, ஓடும் குதிரைகளின் பட்டியல் போட்ட ரேஸ் புத்தகமும் சரிந்து வந்து என் காலடியில் விழுந்தது. நான் எடுத்துக் கொடுத்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னீர்கள்: “பயந்துக்காத. புருசன் வச்சிட்டுப் போன பழக்கம். அவரு துணிமணிய எடுத்து எறிஞ்சாலும் நகையத் தூக்கிக் குடுத்தாலும் இது மட்டும் ஊட்டை வுட்டுப் போவல.”

அடுத்த வாரமே கேட்டீர்கள். “நீ இன்னாமோ கணக்கு படிச்சிக்கீறியாமே?”

“புள்ளியியல், அக்கா.”

“அது இன்னா வேலைக்கு ஆவும்?”

அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன், நூறில் ஐந்தை எடுத்துப் பார்த்து நூறும் நன்றாக இருக்கிறதா என்று சொல்வேன் என்றேன். “அப்போ ஒரு ஆளு இருவது வருஷம் தோத்தத எடுத்துப் பாத்து, அந்தாளு எப்படின்னு சொல்லுவியா?” என்றீர்கள். அன்றிலிருந்து உங்களுக்கு என் பெயர் ‘கணக்கு’ ஆயிற்று.

அந்த ஆள் உங்கள் கணவர். நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டவர். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் வெளியூர் டியூட்டி என்று சொல்லிவிட்டு ஊட்டி ரேஸுக்குப் போய், வெறுங்கையோடு திரும்பியவர். மகள் சின்ன வயதில் ஊட்டியைப் பார்க்க வேண்டும் என்று அழுதிருக்கிறாள். ஒரு முறைகூட அவளைக் கூட்டிப்போகவில்லை. அவர் படத்தை நீங்கள் மாட்டவில்லை. பீரோவின் அடித்தட்டில், சால்வைக்குக் கீழே, குப்புறக் கிடந்தது.

நீங்கள் ரேஸுக்குப் போக ஆரம்பித்ததே அவர் போன பிறகுதான். சின்னத் தொகைதான் வைப்பீர்கள், அதுவும் எப்போதாவது. பார்க்கத்தான் போனீர்கள். “அந்தாளு எங்க தோத்தாருன்னு எனக்குத் தெரிஞ்சாவணும் கணக்கு. குதிரைலயா, ஜாக்கியிலயா, தரையிலயா, இல்ல அவரு மண்டையிலயா. மண்டைன்னா நான் திட்டிக்கினே காலத்தைத் தள்ளிடுவேன். தரைன்னா வேற.”

தரை என்று நீங்கள் சொன்னது எனக்கு முதலில் புரியவில்லை. எல்லாம் புல்தானே என்றேன். சிரித்தீர்கள். ஓட்டம் தொடங்கும்போது குதிரைகளைக் கம்பிக் கதவுகளுக்குள் அடைத்து நிறுத்துவார்கள். எந்தக் குதிரைக்கு எந்தக் கதவு என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். உள்வேலியை ஒட்டிய கதவு கிடைத்தால் வளைவில் தூரம் மிச்சம். வெளிக்கதவு என்றால் சுற்றிக்கொண்டு வர வேண்டும். “எல்லாத்துக்கும் ஒரே தூரம்னு புக்குல போட்டுகிறான். வெளிய நின்னது எவ்ளோ எச்சா ஓடுது, அதுக்கு எவன் பதில் சொல்றான்?” உள்பக்கப் புல் ஓடி ஓடித் தேய்ந்துவிட்டால் வேலியையே சில அடி தள்ளிப் போடுவார்கள், அப்போது நேற்றைய நியாயம் இன்றைக்குச் செல்லாது என்றும் சொன்னீர்கள். மழை பெய்தால் ஒன்று, தண்ணீர் பாய்ச்சினால் ஒன்று.

“மைசூரு கல்யாண மண்டபம் மாதிரி. எங்க குந்தினாலும் எலைக்கு சோறு வரும். ஐதராபாத்தும் பரவால்ல. ஊட்டி கீது பாரு, அது ஆவடி பஸ்ஸு. படிக்கட்டாண்ட நின்னவந்தான் எறங்குவான், பின்னாடி மாட்டினவன் டெப்போவுக்கே போவணும்.” அங்கே போனவர்கள் அப்படிச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் ஊட்டியைப் பார்த்ததே இல்லை.

ஆக, கேள்வி இதுதான்: எந்த மைதானம் எல்லாக் கதவுக்கும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது, எது ஓரவஞ்சனை செய்கிறது? அவருடைய பழைய ரேஸ் புத்தகங்கள் ஐந்து ஊருக்கும் சேர்த்து ஒரு சூட்கேஸ் நிறைய இருந்தன; மற்ற ஊர் ஓட்டங்களுக்குக் கிண்டியிலிருந்தே பணம் கட்டுவாராம். ஒவ்வொரு பந்தயத்துக்குப் பக்கத்திலும் ஜெயித்த எண்ணைப் பால்பாயிண்ட் பேனாவால் குறித்திருந்தார். தான் பணம் கட்டிய குதிரைக்கு அடியில் ஒரு கோடு. எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியங்களில், உங்கள் ஹாலில் விரித்துப் போட்டு உட்கார்ந்தோம். உங்களுக்கு அப்போது கண்ணில் புரை. பொடி எழுத்து தெரியாது, பெரிதாக எழுத மட்டும் முடியும். அதனால் நான் படிப்பேன், நீங்கள் எழுதுவீர்கள். “ஊட்டி, ரெண்டு.” “ஊட்டி, ஒண்ணு.” “மைசூர், ஏழு.” எழுதிவிட்டு “ம்” என்பீர்கள். அந்த ‘ம்’ வரும்வரை நான் அடுத்ததைப் படிக்கக் கூடாது.

கடைசியில் கூட்டிப் பார்த்தபோது ஊட்டி அப்பட்டமாகத் தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்களே திரும்பத் திரும்ப ஜெயித்திருந்தன. உங்கள் கணவர் கோடு போட்டிருந்தவையோ எட்டு, ஒன்பது, பதினொன்று. நான் கல்லூரியில் முதல் வகுப்பு வாங்கிய நாளில்கூட அவ்வளவு நிமிர்ந்து உட்காரவில்லை. “அக்கா, அவர் தேர்ந்தெடுத்ததுல தப்பில்ல. வெளிக்கதவுக் குதிரைக்கு ஊட்டித் தரை இடமே குடுக்காது. இதை அவர் எப்படிக் கண்டுபிடிச்சிருக்க முடியும்?” என்றேன்.

நீங்கள் பேனாவை மூடினீர்கள். மறுநாள் மாலை நான் வேலையிலிருந்து வந்ததும் சுத்தியல் கேட்டு வந்தீர்கள். படம் ஹாலில் ஏறியது. ஆணி அடித்த கையோடு மகளுக்குப் போன் போட்டீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். “உங்கப்பன் கூமுட்டை இல்லடி. தரை சரியில்ல. கணக்கு போட்டுப் பாத்தாச்சு.” அந்தப் பக்கம் அவள் என்ன சொன்னாளோ, நீங்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டீர்கள். அந்தக் கோடையில் அவள் முதல் முறையாகக் கணவனோடு ஊட்டிக்குப் போனாள். ரேஸ் மைதானத்து வேலியருகே நின்று எடுத்த படத்தை எனக்கும் அனுப்பினாள்.

பிறகு ஒரு சனிக்கிழமை என்னைக் கிண்டிக்குக் கூட்டிப்போனீர்கள். இத்தனை எண்ணைப் படித்தவள் ஒரு குதிரையையாவது நேரில் பார்க்க வேண்டாமா என்று. முதல் பந்தயம். குதிரைகள் கதவுகளை நோக்கி நடந்தன. முதுகுத் துணியில் எட்டு என்று போட்ட பழுப்புக் குதிரை உள்பக்கமாக நுழைவதைப் பார்த்தேன். விரலால் எண்ணிப் பார்த்தேன். எட்டாம் எண் ஏன் நாலாவது கதவில் நிற்கிறது என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் தடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னீர்கள்.

“எட்டுன்றது அதும் பேரு மாதிரி. கதவு வேற. சீட்டுல அதுக்கு நாலாவது கதவு வுழுந்துகீது. புக்குல கடைசிப் பத்தியில பொடிசா போட்டிருப்பான் பாரு.”

கடைசிப் பத்தி. பட்டியலின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக இறங்கும், எட்டு மாதமும் நான் பார்த்தும் ஏதோ தரவரிசை என்று நினைத்து விட்டுவிட்ட எண்கள். நான் படித்துச் சொன்னதெல்லாம் முதல் பத்தி, குதிரையின் எண். போட்டி சமமாக இருக்கட்டும் என்று, ஏற்கெனவே நன்றாக ஓடிக்காட்டிய குதிரைக்கு அதிக எடை ஏற்றிப் பட்டியலில் மேலே போடுவார்கள். அதற்கே ஒன்று, இரண்டு என்ற எண்கள். நல்ல குதிரைகள் அடிக்கடி ஜெயித்திருக்கின்றன என்பதைத்தான் எட்டு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறேன். உங்கள் கணவர் கட்டியது பட்டியலின் அடியில் இருந்த நோஞ்சான்களின் மேல், ஜெயித்தால் பத்து மடங்கு வரும் என்ற ஆசையில். தரைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

குதிரைகள் ஓடி முடித்தன. நீங்கள் திரும்பி என்னைப் பார்த்தீர்கள். “இன்னா கணக்கு, மூஞ்சி வெளுத்துக் கீது? எனக்குத் தெரியாம எது மேலயாவது கட்டிட்டியா?”

“இல்லக்கா. வெயில்.”

அடுத்த வாரம் ஏதோ சாக்குச் சொல்லி சூட்கேஸை என் வீட்டுக்கு எடுத்துவந்து, சரியான பத்தியைப் பார்த்துத் தனியாக மறுபடி எண்ணினேன். ஊட்டி மற்ற நான்கைவிட மோசமில்லை. உள்கதவுக்குக் கொஞ்சம் சாதகம் இருந்தது, ஆனால் அது கிண்டியிலும் இருந்தது, பெங்களூரிலும் இருந்தது. உங்கள் கணவர் கோடு போட்ட குதிரைகளில் பாதிக்கு மேல் நல்ல உள்கதவுதான் கிடைத்திருக்கிறது. தரை அவரை ஏமாற்றவில்லை. அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். சூட்கேஸைத் திருப்பிக் கொடுத்தேன். ஹாலில் அவர் படத்துக்கு நீங்கள் கதம்பம் போட்டிருந்தீர்கள்.

சொல்லவில்லை. முதலில் அடுத்த வாரம் சொல்லலாம் என்று இருந்தேன். பிறகு உங்கள் கண் அறுவை சிகிச்சை முடியட்டும் என்று. பிறகு, சொல்லி என்ன ஆகப்போகிறது, ஒரு பெண் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று. இந்தக் கடைசிக் காரணம் நல்ல மனதின் காரணம் மாதிரித் தெரியும். அதன் பின்னால் இன்னொன்று இருந்தது. யாரையும் தெரியாமல் வந்து சேர்ந்த இந்தக் குடியிருப்பில், என்னை ஒருவர் தேடிவந்து கதவைத் தட்டி “கணக்கு, ஊட்ல கீறியா?” என்று கேட்டது நீங்கள் மட்டும்தான். நான் தப்பாகப் போட்ட கணக்கு என்று தெரிந்தால் அந்தக் குரல் மாறிவிடுமோ என்று பயந்தேன்.

இன்னொன்றும் என்னைக் குடைகிறது. கதவு வேறு, எண் வேறு என்று அன்று அவ்வளவு சாதாரணமாகச் சொன்னவர் நீங்கள். நான் முதல் பத்தியைத்தான் படிக்கிறேன் என்று உங்களுக்கு எட்டு மாதத்தில் ஒருமுறைகூடத் தோன்றவில்லையா? நான் பார்த்துத்தான் சொல்வேன் என்று நம்பியிருந்தீர்களா, அல்லது தெரிந்தே “ம்” சொல்லிக்கொண்டு எழுதினீர்களா? ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்து, “நீ படிச்சி சொல்லலன்னா அந்தாளு மேல கோவத்தோடயே போயிருப்பேன்” என்றீர்கள். நான் உங்கள் போர்வையைச் சரிசெய்தேன்.

இதெல்லாம் என்னோடு இருந்துவிட்டுப் போயிருக்கும். இன்று காலை நடந்ததுதான் இருக்கவிடவில்லை.

ஒன்பது மணிக்கு உங்கள் மகளைக் கூப்பிட்டேன். நசரத்பேட்டை வீட்டில் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள். உங்கள் மருமகன் திருநெல்வேலிப் பிள்ளை, ஐடி கம்பெனி, எதையும் சரிபார்க்காமல் விடாதவர். உங்கள் பெட்டியை ஒழுங்குபடுத்தியபோது நோட்டு கிடைத்திருக்கிறது. அத்தையின் கண்டுபிடிப்பைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சட்டம் போட்டு மனைவிக்குப் பரிசாகக் கொடுக்கலாம் என்று தொடங்கியிருக்கிறார். இணையத்தில் கிடைத்த பழைய முடிவுகளோடு ஒப்பிட்டதும் இடித்திருக்கிறது.

“ஒண்ணுமில்ல ஆன்ட்டி, அத்த குதிரை நம்பரக் கதவு நம்பர்னு எழுதிட்டாங்க. மொத்த நோட்டும் அப்படித்தான் இருக்கு,” என்றார்.

“எங்கம்மா பத்து வருஷம் ரேஸ் பாத்தவங்க. அவங்களுக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு?” உங்கள் மகளின் குரல் அப்படியே உங்கள் குரல். “ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. நீங்க கூடவே இருந்தீங்கல்ல?”

“கோவப்படாத. வயசானவங்க, பாத்து எழுத முடியாம இருந்திருக்கும்,” என்றார் அவர்.

அந்த இடத்தில் எனக்கு ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது, அக்கா. படித்தது நான் என்ற ஒரு வாக்கியம். என் வாயிலிருந்து வந்தது வேறு.

“ஆமாம்மா. அப்போ அவங்களுக்குக் கண்ணு சரியில்ல. மாத்தி எழுதியிருப்பாங்க.”

அவர் “அதான் நானும் சொன்னேன்” என்றார், ஒரு பிரச்சினை தீர்ந்த நிம்மதியோடு. எங்கோ பின்னால் குக்கர் விசில் அடித்தது. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்: “அப்போ அப்பா விஷயம் அம்மா சொன்னது?”

நான் பதில் சொல்வதற்குள் “சரி ஆன்ட்டி, அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டாள்.

வேலைக்குப் போனேன். ஒரு தொகுதியைச் சரியில்லை என்று திருப்பி அனுப்பினேன், மேலாளர் ஏன் என்றார், காரணத்தைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. யாரோ கடைசல் பிடித்த இரும்பு அது. திரும்பி வரும்போது ரயிலில் நினைத்துப் பார்த்தேன்: கணவரை மன்னிக்க ஊட்டித் தரைமேல் பழி போட உங்களுக்கு உதவினேன், இன்று என்னைக் காப்பாற்றிக்கொள்ள உங்கள் கண்மேல் பழி போட்டேன். தரைக்காவது பதில் சொல்ல யாரும் தேவையில்லை. உங்களுக்கு மகள் இருக்கிறாள். தன் அம்மா அரைகுறையாக எதையோ எழுதிவைத்துக்கொண்டு அப்பாவை மன்னித்தாள் என்று இந்த நேரம் அவள் நினைத்துக்கொண்டிருப்பாள்.

இப்போது மாலை ஆறு மணி. என் கணவர் ஷிஃப்ட் முடிந்து ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வர இன்னும் நேரமிருக்கிறது. நாளை ஞாயிறு. பூந்தமல்லியில் துணி எடுக்க வேண்டும், மதியம் வந்துவிடுவேன் என்று அவரிடம் போனில் சொல்லியிருக்கிறேன்; இந்த நோட்டு விஷயம் எதுவும் அவருக்குத் தெரியாது. துணி எடுக்கப் போகவில்லை. பூந்தமல்லியில் இறங்கி, அங்கிருந்து நசரத்பேட்டை பஸ் பிடிப்பேன். மருமகனும் வீட்டில் இருக்கும்போது, நேரில் உட்கார்ந்து சொல்லப்போகிறேன். எண்ணைப் படித்தவள் நான், உங்கம்மா நான் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினார். கதவு எது, எண் எது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே உங்கம்மாதான். தெரிந்த பிறகும் நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இன்று காலை பொய்யும் சொன்னேன். அப்பாவைப் பற்றி அவள் கேட்பாள். அவர் தோற்றது தரையால் இல்லை என்றும் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எனக்கு ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்குமா என்று தெரியாது. வாசலில் வைத்தே அனுப்பினாலும், சொல்லி முடித்த பிறகுதான் திரும்புவேன்.